கதை, ஓவியம், பாட்டு: திறந்த உரிமத்தில் கொடுக்கலாமா, எந்த உரிமத்தில்?

கேள்வி கேட்டவரின் நிலைமையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் பதில் மற்றவர்களுக்கும் புரியும். பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு சிறுகதைத் தொகுப்பு போட்டிருக்கிறார். முதல் பதிப்போடு சரி, இப்போது எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. அட்டைப்படமும் உள்ளே இருக்கும் கோட்டோவியங்களும் நண்பர் ஒருவர் காசு வாங்காமல் வரைந்து கொடுத்தவை. அது போக, சிறுவர்களுக்காகச் சில பாடல்களைத் தானே எழுதி, தானே மெட்டமைத்து, ஒரு பாடகியை வைத்து ஸ்டூடியோவில் பதிவு செய்து வைத்திருக்கிறார். இலவச மின்னூல் வெளியிடும் தன்னார்வலர்கள் இவரிடம் வந்து, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், அதாவது சில நிபந்தனைகளோடு யாரும் எடுத்துப் பகிரலாம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கும் அனுமதியில், கொடுங்கள் என்று கேட்கிறார்கள். இவருக்கு மூன்று பயம்: உரிமை கையை விட்டுப் போய்விடுமா, யாராவது எடுத்து அச்சடித்து விற்றால் என்ன செய்வது, கதையைக் கண்டபடி மாற்றினால் யாரைப் போய்க் கேட்பது.

நேராகவே சொல்கிறேன். கொடுங்கள். உரிமை எங்கேயும் போகாது. யோசிக்க வேண்டியது எந்த உரிமம் என்பதைத்தான். எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'வணிக நோக்கமில்லாமல் மட்டும்' என்ற வகையைத்தான் முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள், அதுதான் பத்திரம் என்று நினைத்து. அந்த ஒரு நிபந்தனை நீங்கள் பயப்படுகிற ஆளைத் தடுப்பதைவிட, உங்கள் கதையை நாலு இடத்துக்குக் கொண்டுபோகக்கூடிய ஆளைத்தான் அதிகம் தடுக்கிறது. மின்னூல் வேலைகளில் கூடவே இருந்து பார்த்ததில் எனக்கு இதில் சந்தேகமே இல்லை. ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன்.

இந்தியாவில் ஒரு கதையை எழுதி முடித்ததுமே பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடும். பதிவு செய்ய வேண்டியதில்லை, எந்தக் குறியும் போட வேண்டியதில்லை. உங்கள் ஆயுள் முழுக்க, அதற்குப் பிறகு 60 வருடம் அது நிற்கும். இந்த 60 முன்பு 50ஆகத்தான் இருந்தது. தாகூர் 1941-ல் இறந்தார், 1991 முடிவோடு அவர் எழுத்தை யார் வேண்டுமானாலும் பதிப்பிக்கலாம் என்றாகியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் சட்டத்தைத் திருத்திப் பத்து வருடம் கூட்டிவிட்டார்கள், 2001 முடியும்வரை அவை பூட்டியே கிடந்தன. அமெரிக்காவில் 1998-ல் இதே மாதிரி இருபது வருடம் நீட்டினார்கள். பழைய புத்தகங்களை இணையத்தில் இலவசமாகப் போட்டுக்கொண்டிருந்த எரிக் எல்ட்ரெட் என்பவர் அதை எதிர்த்து வழக்குப் போட்டார், சட்டப் பேராசிரியர் லாரன்ஸ் லெஸ்ஸிக் அவருக்காக வாதாடினார், 2003 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் தோற்றார்கள். ஆனால் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அவர்கள் வேறு வழியையும் யோசித்துவிட்டார்கள். சட்டம் மாறுகிறதோ இல்லையோ, கொடுக்க விரும்புகிற படைப்பாளி முறையாக எழுதிக் கொடுப்பதற்கு ஒரு வாசகம் வேண்டுமல்லவா? 2001-ல் கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு தொடங்கியது, 2002 டிசம்பரில் முதல் உரிமங்கள் வந்தன.

ஆக, இந்த உரிமம் ஓர் அனுமதி, அவ்வளவுதான். உரிமையாளர் நீங்களேதான். இன்னும் சொன்னால், பதிப்புரிமை உங்களிடம் இருப்பதால்தான் "இந்த நிபந்தனைக்கு உட்பட்டு எடுத்துக்கொள்" என்று உங்களால் சொல்லவே முடிகிறது. நிபந்தனையை மீறினால் அனுமதி ரத்து, பிறகு அது சாதாரணத் திருட்டு. இது நீதிமன்றத்தில் நிற்குமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். நிற்கும். 2006-லேயே நெதர்லாந்தில் ஒரு வழக்கு முடிந்தது: ஃப்ளிக்கர் என்ற புகைப்படப் பகிர்வுத் தளத்தில் வணிக நோக்கமற்ற உரிமத்தோடு ஒருவர் போட்டிருந்த குடும்பப் படங்களை ஒரு வார இதழ் கேட்காமல் அச்சிட்டது, உரிமத்தின் நிபந்தனை இதழைக் கட்டுப்படுத்தும், மறுபடி போட்டால் அபராதம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சரி, நிபந்தனைகள். நான்கே நான்குதான். பெயர் குறிப்பிட வேண்டும் என்பது பை (BY), இது எல்லா உரிமத்திலும் உண்டு. மாற்றியமைத்தால் அதையும் இதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும் என்பது எஸ்ஏ (SA). வணிகத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்பது என்சி (NC). மாற்றியதை வெளியிடக்கூடாது என்பது என்டி (ND). இவற்றைச் சேர்த்துக் கலந்தால் ஆறு உரிமங்கள். இவை தவிர, எந்த நிபந்தனையும் வேண்டாம், முழுக்க விட்டுவிடுகிறேன் என்பவர்களுக்கு சிசி ஜீரோ (CC0).

இப்போது என்சிக்கு வருகிறேன், இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். உரிமத்தின் வாசகம் "முதன்மையாக வணிக ஆதாயத்தை நோக்கிய" பயன்பாடு கூடாது என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எது வணிகம்? அமெரிக்காவில் கிரேட் மைண்ட்ஸ் என்ற லாப நோக்கமற்ற நிறுவனம் பள்ளிக் கணக்குப் பாடங்களை என்சி-எஸ்ஏ உரிமத்தில் வெளியிட்டது. பள்ளிகள் என்ன செய்தன, பிள்ளைகளுக்குக் கொடுக்க ஃபெடெக்ஸ் நகல் கடையில் கொடுத்துப் பிரதி எடுத்தன. கடை காசு வாங்கியது, எந்த நகல் கடையும் வாங்கத்தானே செய்யும். உடனே அந்த நிறுவனம் கடை மீது வழக்குப் போட்டது: எங்கள் பாடத்தை வைத்து நீ லாபம் பார்க்கிறாய், இது வணிகப் பயன்பாடு என்று. பள்ளிக்காகத்தான் கடை நகலெடுத்தது, பள்ளியின் நோக்கம் வணிகமல்ல, எனவே மீறல் இல்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பு சொன்னது. இன்னொரு நகல் கடை மீது போட்ட அதே மாதிரி வழக்கும் 2019-ல் தோற்றது. தீர்ப்பு நல்லதுதான். ஆனால் பாருங்கள், பள்ளிக்கூடத்துக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்த கடைக்காரர் சரியா தவறா என்று முடிவு செய்யவே அங்கே மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

நம் ஊர் நிலைமையோடு வைத்துப் பாருங்கள். ஒரு சிற்றிதழ் உங்கள் கதையை மறுபிரசுரம் செய்ய நினைக்கிறது, இதழின் விலை முப்பது ரூபாய். அது வணிகமா? நூலகம் ஒன்று ஒலிநூலாகப் படித்து யூட்யூபில் போடுகிறது, சேனலில் விளம்பரம் வருகிறது. அது? மாவட்டப் புத்தகக் கண்காட்சியில் ஒரு சிறுவர் அமைப்பு உங்கள் கதையைச் சின்னப் புத்தகமாக அடித்து, அச்சுக்கூலிக்குப் பத்து ரூபாய் வாங்குகிறது. அது? இவர்கள் எல்லோரும் நல்லவர்கள், உரிமத்தைப் படித்துப் பார்த்து, "எதற்கு வம்பு" என்று விட்டுவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவார்கள். எடுத்து விற்கிற திருடன் உரிமத்தைப் படிக்கவே மாட்டான். அவனுக்கு எந்த உரிமம் இருந்தாலும் ஒன்றுதான், முழுப் பதிப்புரிமை உள்ள நூல்களைப் பிடிஎஃப் ஆக்கி டெலிகிராமில் விடுகிறவனும் அவனேதானே.

இன்னொன்றையும் யோசியுங்கள். விக்கிப்பீடியா, அதன் நூலகமான விக்கிமூலம், படங்களையும் ஒலிகளையும் சேர்த்து வைக்கும் விக்கிமீடியா பொதுவகம் இவை எதிலும் என்சியோ என்டியோ உள்ள படைப்புகளை ஏற்பதில்லை. தமிழ் விக்கிமூலத்தில் ஒரு நூல் ஏறினால் அது வரிவரியாகத் தேடக் கிடைக்கும், பத்து வருடம் கழித்து அந்த மின்னூல் குழு கலைந்து போனாலும் நூல் இருக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகம் நாட்டுடைமை நூல்களின் மின்வருடல்களை விக்கிமூலத்துக்குக் கொடுத்ததால் எத்தனை நூல்கள் அப்படிப் பிழைத்திருக்கின்றன என்று போய்ப் பாருங்கள். உங்கள் தொகுப்புக்கு என்சி போட்டால் அந்த வாசல் மூடிவிடும்.

என்சிக்குப் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். நைன் இன்ச் நெய்ல்ஸ் என்ற அமெரிக்க இசைக்குழு 2008-ல் 36 துண்டுகள் கொண்ட ஒரு கருவியிசைத் தொகுப்பை பை-என்சி-எஸ்ஏ உரிமத்தில் விட்டது. முதல் ஒன்பது இலவசம், எல்லாமும் வேண்டுமென்றால் ஐந்து டாலர், கையெழுத்துப் போட்ட பெட்டி 300 டாலர். அந்த 300 டாலர் பெட்டி 2500-ம் விற்றுத் தீர்ந்தது, அதில் மட்டுமே ஏழரை லட்சம் டாலர். உரிமப்படி யாரும் முழுத் தொகுப்பையும் நண்பர்களுக்குக் கொடுக்கலாம், இருந்தும் அந்த வருடம் அமேசானில் அதிகம் விற்ற எம்பி3 ஆல்பம் அதுதான். ஆனால் அவர்கள் அதற்கு முன்பே உலகமறிந்தவர்கள். அவர்கள் பெயரே விற்கும். பெயர் இன்னும் பரவாத ஒருவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. நம்மில் பெரும்பாலோர் இரண்டாவது வகை.

"அப்படியென்றால் ஒரு பெரிய நிறுவனம் என் கதையை எடுத்துப் படமாக்கினால், காசே வராதா?" இதுதான் உண்மையான பயம், இதற்கு நல்ல பதில் இருக்கிறது. அது எஸ்ஏ. பை-எஸ்ஏ உரிமத்தில் உள்ள கதையை ஒரு தயாரிப்பாளர் கேட்காமலே படமாக்கலாம், ஆனால் அப்படி எடுத்தால் அந்தப் படத்தையும் அவர் அதே பை-எஸ்ஏ உரிமத்தில்தான் வெளியிட வேண்டும், அதாவது யார் வேண்டுமானாலும் அந்தப் படத்தை நகலெடுத்து ஓட்டலாம். கோடிக்கணக்கில் போட்டவர் அதற்கு ஒப்புக்கொள்வாரா? மாட்டார். அப்போது அவர் உங்களிடம் வந்து, இந்த நிபந்தனை இல்லாமல் தனி அனுமதி கொடுங்கள் என்று கேட்பார், நீங்கள் விலை பேசலாம். உரிமை உங்களிடமே இருப்பதால் ஒரே கதைக்கு ஊருக்கெல்லாம் ஓர் அனுமதியும், ஒருவருக்கு மட்டும் வேறொரு அனுமதியும் தருவதை யாரும் தடுக்க முடியாது. பகிர்கிறவர்களுக்கு வழி திறந்திருக்கும், பூட்டி வைக்க நினைப்பவர் காசு கொடுக்க வேண்டும். இதைவிட நியாயமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

இதை வாழ்ந்தே காட்டியவர் நீனா பேலி. அமெரிக்க அனிமேஷன் கலைஞர், ராமாயணத்தைச் சீதையின் பக்கமிருந்து சொல்கிற ஒரு முழுநீளப் படத்தைக் கிட்டத்தட்டத் தனியாளாகக் கணினியில் செய்தார். 'சீதா சிங்ஸ் த ப்ளூஸ்', 2008-ல் பெர்லின் விழாவில் காட்டினார்கள். படத்தில் 1920களில் ஆனெட் ஹான்ஷா பாடிய பழைய பாடல்கள் வருகின்றன. இசைத்தட்டுப் பதிவுகளால் பெரிய சிக்கல் இல்லை, ஆனால் அந்தப் பாடல்களின் வரியும் மெட்டும் இன்னும் சில நிறுவனங்களின் கையில். அவர்கள் முதலில் கேட்டது 2,20,000 டாலர் அளவுக்கு. பேசிப் பேசி 50,000-க்கு இறங்கினார்கள், அவர் கடன் வாங்கிக் கட்டினார். எண்பது வருடப் பழைய பாட்டுக்கு! அந்த அனுபவத்துக்குப் பிறகு அவர் தன் படத்தைப் பூட்டவில்லை, 2009 மார்ச்சில் பை-எஸ்ஏ உரிமத்தில் இணையத்தில் விட்டார். யாரும் திரையிடலாம், காசு வாங்கிக்கூடத் திரையிடலாம். நன்கொடையாகவும், டிவிடி, டி-ஷர்ட் விற்றும் அவருக்கு வருமானம் வந்தது. 2013-ல் இன்னும் ஒரு படி போய் சிசி ஜீரோவுக்கே மாற்றிவிட்டார்.

ஓவியத்தில் இதற்கு இணையாக நான் காட்டுவது பிரெஞ்சுக்காரர் டேவிட் ரெவாவின் 'பெப்பர் அண்ட் கேரட்' சித்திரக்கதையை. ஒரு சின்னச் சூனியக்காரியும் அவள் பூனையும். 2014-லிருந்து வெறும் பை உரிமத்தில் போடுகிறார், எஸ்ஏகூடக் கிடையாது. படங்களின் மூலக் கோப்புகளை அடுக்கடுக்காகப் பிரித்தபடியே தருகிறார், பேச்சுக்குமிழிகள் தனி அடுக்கில் இருக்கும், அதனால் மொழிபெயர்க்கிறவர் ஓவியத்தைத் தொடாமல் எழுத்தை மட்டும் மாற்றலாம். பல நாட்டுத் தன்னார்வலர்கள் மொழிபெயர்த்துத் தள்ளிவிட்டார்கள். 2016-ல் க்ளேனா என்ற பெரிய பிரெஞ்சுப் பதிப்பகம் அதை அச்சுப் புத்தகமாகப் போட்டது. உரிமப்படி அவருக்கு ஒரு காசும் தர வேண்டியதில்லை. ஆனாலும் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் பணம் தந்து ஆதரிக்கும் புரவலர் பட்டியலில் அந்தப் பதிப்பகமே சேர்ந்துகொண்டது. அடுத்த அத்தியாயம் வந்தால்தானே அவர்களுக்கும் அடுத்த புத்தகம்.

நம் பக்கத்தில் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இருக்கிறது, பெங்களூரிலிருந்து 2015 செப்டம்பரில் தொடங்கினார்கள். சிறுவர் கதைகளும் படங்களும் பை உரிமத்தில். தமிழில் எத்தனையோ கதைகள் அங்கே மொழிபெயர்ப்பாகி இருக்கின்றன. நீங்கள் சிறுவர்களுக்கு எழுதுகிறவர் என்பதால் அதைக் கட்டாயம் பாருங்கள். இலங்கைத் தமிழ் நூல்களுக்கு 2005-லிருந்து நூலகம் திட்டம், அதற்கும் முன்பு 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், 2013-லிருந்து ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் என்று இலவச மின்னூல் திட்டங்களின் நல்ல வரிசையே நமக்கு உண்டு.

உண்மையில் தமிழ் வாசகர்களுக்குத் திறந்த உரிமம் புதுசே அல்ல. நாட்டுடைமை என்று நாம் சொல்வது கிட்டத்தட்ட அதுதான். பாரதி பாடல்களின் உரிமை ஒரு காலத்தில் துண்டு துண்டாகப் பலர் கையில் இருந்தது, இசைத்தட்டிலும் சினிமாவிலும் பயன்படுத்தும் உரிமை ஏ.வி.மெய்யப்பச் செட்டியாரிடம். டி.கே.எஸ். சகோதரர்கள் ஒரு படத்தில் பாரதி பாட்டைச் சேர்த்ததும் தகராறு எழுந்தது, பாரதி எப்படி ஒருவர் சொத்தாக முடியும் என்று எழுத்தாளர்கள் கொதித்தார்கள். 1949-ல் சென்னை மாகாண அரசு உரிமைகளை வாங்கியது, செட்டியார் தன் பங்கைக் காசு வாங்காமல் கொடுத்தார். பிறகு 1950களில் அரசு அதை மக்களுக்கே விட்டுவிட்டது. அதனால் யார் நஷ்டப்பட்டார்? பாரதி கவிதை இல்லாத தமிழ்ப் பதிப்பகத்தைக் காட்டுங்கள் பார்க்கலாம். கல்கியின் பொன்னியின் செல்வனும் அப்படியே. நாட்டுடைமை ஆனபிறகு மலிவுப் பதிப்பு, கெட்டி அட்டைப் பதிப்பு, ஓவியங்களோடு ஒரு பதிப்பு, ஒலிநூல் என்று வந்துகொண்டே இருக்கிறது, எல்லாம் விற்கவும் செய்கிறது. நாட்டுடைமையில் அரசு வாரிசுகளுக்குத் தொகை கொடுத்துச் செய்வதை, உயிரோடு இருக்கும்போதே நீங்களாகச் செய்வதுதான் கிரியேட்டிவ் காமன்ஸ், அதுவும் உங்கள் நிபந்தனையோடு.

மூன்றாவது பயம், கதையை மாற்றுவது. மாற்றினால் மாற்றியிருக்கிறோம் என்று குறிப்பிட்டாக வேண்டும், இது உரிமத்திலேயே இருக்கிறது. மாற்றிய வடிவம் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் என் பெயரை எடுத்துவிடு என்று கேட்கலாம், கேட்டால் எடுத்தாக வேண்டும். இதற்கு மேல் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-வது பிரிவு, உங்கள் மானத்துக்குக் கெடுதலான சிதைப்பை எதிர்க்கும் உரிமையை எழுத்தாளருக்குத் தனியாகத் தருகிறது. உரிமம் அனுமதிக்கிற சாதாரண மாற்றங்களைத் தடுக்க அதைப் பயன்படுத்த மாட்டேன் என்று மட்டும் நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்கள். இந்தப் பயத்தால் என்டி போடாதீர்கள். என்டி போட்டால் மொழிபெயர்த்து வெளியிட முடியாது, நாடகமாக்க முடியாது. பாட்டுக்கு என்டி போட்டால் இன்னும் மோசம்: கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் ஒரு பாட்டை வீடியோவோடு சேர்த்து ஓடவிடுவதே மாற்றியமைப்பாகத்தான் கணக்கு. உங்கள் பாட்டுக்குப் பிள்ளைகள் ஆடியதை ஓர் ஆசிரியை வெளியிட முடியாமல் போகும்.

இதே காரணத்துக்காகத்தான் கதைகளுக்கு பை-எஸ்ஏ, பாடல்களுக்கு வெறும் பை என்று பரிந்துரைக்கிறேன். பாட்டுக்கு எஸ்ஏ போட்டால் அதைப் பயன்படுத்தும் வீடியோ முழுவதும் எஸ்ஏ ஆக வேண்டும், அந்த ஆசிரியையின் வீடியோவில் வேறு யாருடைய படமாவது இருந்தால் சிக்கல். யூட்யூபில் பதிவேற்றும்போது உரிமம் என்ற இடத்தில் வழக்கமான யூட்யூப் உரிமம், கிரியேட்டிவ் காமன்ஸ் என்று இரண்டுதான் இருக்கும், அந்த இரண்டாவது பை மட்டும்தான்.

இனி, கொடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை. இதில் அவசரம் வேண்டாம், ஏனென்றால் ஒருமுறை கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது. நாளைக்கு நீங்கள் மனம் மாறி நீக்கினாலும், ஏற்கெனவே எடுத்தவரின் அனுமதி அப்படியே நிற்கும்.

முதலில் பதிப்பாளர். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இருந்தால் எடுத்துப் படியுங்கள். உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் அது எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது 19-வது பிரிவு, வாய்ப்பேச்சு போதாது. எழுத்தில் இருந்து, எத்தனை காலம் என்று அதில் சொல்லாவிட்டால் ஐந்து வருடம்தான் கணக்கு. ஆகவே காலம் குறிப்பிடாத ஒப்பந்தம் என்றால் உரிமை எப்போதோ உங்களிடம் திரும்பிவிட்டது. 'பதிப்புரிமைக் காலம் முழுவதும்' என்று எழுதிக் கொடுத்திருந்தால், பதிப்பாளரிடம் விடுவிப்புக் கடிதம் ஒன்று வாங்குங்கள். அச்சில் இல்லாத புத்தகத்துக்கு நல்ல பதிப்பாளர்கள் மறுப்பதில்லை. அப்புறம் கிண்டிலில் போட்டிருந்தால் அங்கே செலக்ட் திட்டத்தில் சேர்த்திருக்கிறீர்களா என்று பாருங்கள். சேர்த்திருந்தால் 90 நாள் தவணை முடியும்வரை மின்வடிவம் அவர்களிடம் மட்டுமே இருக்க வேண்டும். தானாகப் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டு, தவணை முடிந்த பிறகு மின்னூல் குழுவுக்குக் கொடுங்கள்.

பதிப்பாளர் கோப்பு கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அப்படியே அனுப்பாதீர்கள். அந்தக் காலத்துப் பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் கோப்பு பெரும்பாலும் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் இருக்கும், மாற்றியில் போட்டால் எழுத்துகள் வரும், ஆனால் 'கௌரி' எல்லாம் 'கெளரி' ஆகிவிடும், அதாவது ஔகாரக் குறிக்குப் பதில் ளகரம் உட்கார்ந்துவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரித் தெரியும், தேடினால் சிக்காது, திரைவாசிப்பான் வைத்துக் கேட்கும் பார்வையற்ற வாசகருக்குத் தவறாக ஒலிக்கும். ஒருமுறை முழுக்க மெய்ப்பு பார்த்தே ஆக வேண்டும்.

அடுத்து ஓவிய நண்பர். காசு வாங்காமல் வரைந்து கொடுத்தார் என்பதாலேயே படங்கள் உங்களுடையவை ஆகிவிடாது, அவருடையவைதான். புத்தகத்தில் போட அனுமதித்தார், அவ்வளவே. அவரிடம் பேசி, எந்த உரிமத்தில் தருகிறார் என்று ஒரு மின்னஞ்சலாவது வாங்கி வையுங்கள். அவர் மறுத்தால் வருத்தப்பட ஒன்றுமில்லை, படங்கள் இல்லாமல் கதைகளை மட்டும் கொடுக்கலாம். புது அட்டைக்கு ஓவியம் வேண்டுமென்றால் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகமும், 2017-லிருந்து நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் பழைய ஓவியங்களின் நல்ல தரமான படங்களை எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் தருகின்றன. மனிதர்கள் உள்ள புகைப்படம் என்றால் மட்டும் கவனம். 2007-ல் ஆஸ்திரேலியாவில் வர்ஜின் மொபைல் ஒரு சிறுமியின் ஃப்ளிக்கர் படத்தைப் பேருந்து நிறுத்த விளம்பரத்தில் போட்டு வழக்கு வரை போனது. படம் எடுத்தவர் பை உரிமம் கொடுத்திருந்தார், படத்தில் இருந்தவரிடம் யாரும் கேட்கவில்லை. உரிமம் தருவது படம் எடுத்தவரின் உரிமையை மட்டும்தான், படத்தில் இருப்பவரின் சம்மதத்தை அல்ல.

பாட்டுதான் கொஞ்சம் சிக்கலானது, ஏனென்றால் ஒரு பாட்டுக்குள் பல உரிமைகள் அடுக்கி இருக்கின்றன: வரி, மெட்டு, பதிவு, பாடியவரின் உரிமை. தியாகராஜர் 1847-ல் மறைந்தவர், அவர் கீர்த்தனை எல்லோருக்கும் சொந்தம், ஆனால் போன வருடம் ஒருவர் பாடி வெளியிட்ட பதிவு வெளியான ஆண்டிலிருந்து 60 வருடம் பூட்டில் இருக்கும். பாபநாசம் சிவன் 1973-ல் மறைந்தார், அவர் பாடல்கள் 2033 முடியும்வரை உரிமைக்கு உட்பட்டவை. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் 1750-ல் இறந்தவர், இருந்தும் சுதந்திரமாகப் பயன்படுத்த ஒரு நல்ல பதிவு இல்லையே என்று பியானோ கலைஞர் கிமிகோ இஷிசாகாவும் குழுவும் மக்களிடம் பணம் திரட்டி, அவருடைய கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ் என்ற படைப்பை பெர்லினில் பதிவு செய்து, 2012-ல் இசைக்குறிப்போடு சேர்த்து சிசி ஜீரோவில் விட்டார்கள். மெட்டு சுதந்திரமாக இருந்தால் போதாது, பதிவும் வேண்டும் என்பதற்காகச் செய்த வேலை அது.

உங்கள் விஷயத்தில் வரியும் மெட்டும் உங்களுடையவை, செலவு செய்து ஏற்பாடு செய்ததால் பதிவும் உங்களுடையது. பாடகிக்குப் பாடியவர் என்ற முறையில் தனி உரிமை உண்டு, அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், இன்ன உரிமத்தில், யாரும் வணிகத்துக்கும் பயன்படுத்தலாம் என்பதைத் தெளிவாகச் சொல்லி. அவர் பெயரையும் குறிப்பிட வேண்டிய பெயர்களில் சேருங்கள். நீங்களோ பாடகியோ ஏதாவது இசை உரிமைச் சங்கத்தில் உறுப்பினர் என்றால், சேரும்போதே உரிமையை அவர்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கலாம், அந்த ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். அப்புறம் ஸ்டூடியோவில் பின்னணி இசை சேர்த்தவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: தாளமும் கீபோர்டும் நீங்களே வாசித்ததா, இல்லை வாங்கி வைத்த லூப்பா, அதாவது திரும்பத் திரும்ப ஓடவிடும் ஆயத்த இசைத் துண்டா? லூப் என்றால் அதே துண்டு ஆயிரம் பாட்டில் இருக்கும், யாராவது ஒருவர் தன் பாட்டை யூட்யூபின் தானியங்கி உரிமைச் சோதனையில் பதிந்து வைத்திருப்பார், உங்கள் பாட்டைப் போட்ட பள்ளிக்கூடத்துக்கு உரிமை கோரல் வரும். அப்படி இருந்தால் அந்தத் தடத்தை எடுத்துவிட்டு ஒரு தபலாவோ பறையோ வைத்து மறுபடி கலந்துவிடுவது நல்லது, சிறுவர் பாட்டுக்கு அதுவே அழகாகவும் இருக்கும்.

எல்லாம் சரியானதும், நூலின் இரண்டாம் பக்கத்தில் தெளிவாக எழுதுங்கள்: நூலின் பெயர், உங்கள் பெயர், ஓவியர் பெயர், 'கதைகளும் ஓவியங்களும் கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்ஏ 4.0 பன்னாட்டு உரிமத்தில் வெளியிடப்படுகின்றன', கீழே உரிமத்தின் இணைப்பு. 4.0 என்ற எண்ணை விடாதீர்கள். 2013-ல் வந்த அந்தப் பதிப்பில், பெயர் போட மறந்தவர் தெரியவந்த 30 நாளுக்குள் திருத்திக்கொண்டால் அனுமதி தானாகத் திரும்பிவிடும். பழைய பதிப்புகளில் சின்னத் தவறுக்கும் அனுமதி போய்விடும், அதை வைத்தே ஆட்களை மிரட்டிப் பணம் பறிக்கிறவர்கள் முளைத்தார்கள். பாடல் கோப்புகளிலும் பெயரும் உரிமமும் கோப்பின் விவரப் பகுதிக்குள்ளேயே இருக்கட்டும், வாட்ஸாப்பில் கைமாறும்போது வெளியே எழுதியதெல்லாம் உதிர்ந்துபோகும். ஓவியரும் பாடகியும் சம்மதித்த மின்னஞ்சல்களை அந்த மின்னூல் குழுவுக்கும் ஒரு நகல் அனுப்பி வையுங்கள், பின்னாளில் யாராவது கேட்டால் காட்ட அவர்கள் கையிலும் இருக்கும்.